நோயாளியைப் பார்த்து முடிவெடுப்பது எப்படி? நர்சிங் மாணவர்களுக்கு ஓர் எளிய விளக்கம்

பி.பி. பார்ப்பது, நாடி எண்ணுவது, தெர்மாமீட்டர் வைப்பது இதெல்லாம் நர்சிங் படிப்பின் ஆரம்பத்திலேயே கற்றுக்கொடுத்துவிடுவார்கள். கை பழகிவிட்டால் சில நிமிடங்களில் ஒரு படுக்கையை முடித்து அடுத்ததற்குப் போய்விடலாம். ஆனால் எடுத்த அளவுகளைச் சார்ட்டில் எழுதிவிட்டால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. இந்த எண்கள் இந்த ஆளைப் பற்றி, இந்த நேரத்தில் என்ன சொல்கின்றன? அதை வைத்து நான் இப்போது என்ன செய்ய வேண்டும்? இதை யோசிப்பதுதான் மீதிப் பாதி. முதல் பாதியை மதிப்பீடு என்றும் இரண்டாம் பாதியை மருத்துவத் தீர்மானம் என்றும் வைத்துக்கொள்வோம். உண்மையில் இரண்டும் தனித்தனியாக நடப்பதில்லை. எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்தவர் கண்ணில்தான் அது படும்.

பெரியவர்களுக்கான மருத்துவ, அறுவை சிகிச்சை வார்டில் இது ஏன் இவ்வளவு முக்கியம்? தீவிர சிகிச்சைப் பிரிவில் மானிட்டர் ஓடிக்கொண்டே இருக்கும், ஏதாவது மாறினால் அலாரம் அடிக்கும். பொது வார்டில் பெரும்பாலும் அப்படி இல்லை. ஒரு நர்சின் பொறுப்பில் பல படுக்கைகள் இருக்கும். சில மணி நேரத்துக்கு ஒருமுறைதான் அளவு எடுப்பார்கள். நடுவில் அந்த நோயாளியைப் பார்ப்பது உடன் இருக்கும் உறவினரும், மருந்து கொடுக்கவோ ட்ரிப் மாற்றவோ போகிற நர்சும்தான். வார்டில் இதயம் நின்றுபோனவர்களின் சார்ட்டைப் பின்னோக்கிப் புரட்டினால், பலருக்கு மூச்சும் நாடியும் நினைவும் பல மணி நேரம் முன்பே மாற ஆரம்பித்திருப்பது தெரியவரும். எண்கள் எழுதப்பட்டிருக்கும். அவற்றை ஒன்றோடொன்று சேர்த்து யாரும் படித்திருக்க மாட்டார்கள். இந்தத் தொழிலில் என்னை மிகவும் வருத்துகிற விஷயம் இதுதான்.

கருவியை எடுப்பதற்கு முன்

மதிப்பீடு கதவருகிலேயே ஆரம்பித்துவிடுகிறது. ஆள் எப்படிப் படுத்திருக்கிறார்? முகம் வெளிறியிருக்கிறதா? கடுமையான வயிற்றுவலியில் கிடப்பவர் துளியும் அசையாமல் இருக்கிறாரா, இல்லை நிலைகொள்ளாமல் புரள்கிறாரா? வயிற்றின் உள்ளுறையில் அழற்சி இருந்தால் அசைந்தாலே வலிக்கும் என்பதால் ஆள் அப்படியே கிடப்பார். சிறுநீரகக் கல் வலி என்றால் ஓரிடத்தில் இருக்க முடியாது. கையால் தொடும் முன்பே இது கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

“எப்படி இருக்கீங்க?” என்று கேளுங்கள். தெளிவாக, ஒரு முழு வாக்கியமாகப் பதில் வந்தால், மூச்சுப்பாதை திறந்திருக்கிறது, பேசும் அளவுக்கு மூச்சு இருக்கிறது, மூளைக்கு ரத்தம் போகிறது என்று மூன்று விஷயங்கள் ஒரே நேரத்தில் தெரிந்துவிடும். இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் அப்போதே கவனம் கூட வேண்டும். அப்புறம் கையைத் தொடுங்கள். வெதுவெதுப்பா, சில்லென்று வியர்த்திருக்கிறதா? நகத்தை ஐந்து விநாடி அழுத்திவிட்டால் சுமார் இரண்டு விநாடிக்குள் பழைய நிறம் திரும்ப வேண்டும்.

அதற்குப் பிறகுதான் கருவிகள். உடலில் பொருத்தியிருக்கும் ஒவ்வொரு குழாயையும் ஆரம்பத்திலிருந்து கடைசிவரை கண்ணால் தொடர்ந்து பார்க்கும் பழக்கம் வேண்டும். ட்ரிப் ஊசி போட்ட இடம் வீங்கியிருக்கிறதா, சிறுநீர் வெளியேற வைத்த கதீட்டர் குழாய் உடம்புக்கு அடியில் மடங்கிக் கிடக்கிறதா, ட்ரெயின் பையில் (அறுவை செய்த இடத்தில் சேரும் ரத்தமும் நீரும் குழாய் வழியாக வந்து விழும் பை) வந்திருப்பது என்ன நிறம் என்று பாருங்கள். வயிற்றைப் பரிசோதிக்கும்போது மட்டும் வரிசை மாறும். முதலில் பார்த்து, ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டு, அதற்குப் பிறகுதான் தட்டவும் அழுத்தவும் வேண்டும். முதலிலேயே அழுத்தினால் குடல் ஓசை மாறிவிடலாம்.

மூச்சை எண்ணுங்கள்

உடல்நிலை அளவுகளில் அதிகம் அலட்சியப்படுத்தப்படுவது மூச்சு எண்ணிக்கை. பி.பி.யையும் நாடியையும் ஆக்சிஜன் அளவையும் கருவி காட்டிவிடுகிறது. மூச்சை மட்டும் பெரும்பாலான வார்டுகளில் நாம்தான் எண்ண வேண்டும், அதற்கு ஒரு நிமிடம் நிற்க வேண்டும். அவசரத்தில் எல்லாருக்கும் 18 அல்லது 20 என்று எழுதிவிடும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. வார்டு முழுக்க எல்லாரும் ஒரே வேகத்தில் மூச்சு விடுவதாகச் சார்ட் சொன்னால் அந்தச் சார்ட்டை நம்ப முடியாது.

ஓய்வாக இருக்கும் பெரியவருக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இயல்பு. நிமோனியா, ரத்தத்தில் கிருமித்தொற்று, நுரையீரல் ரத்தக்குழாயில் உறைகட்டி, உடலில் அமிலம் கூடுவது, உள்ளே ரத்தம் கசிவது இவை எல்லாவற்றிலும் மூச்சு வேகம் முன்கூட்டியே ஏறும். பி.பி. இறங்க அதற்குப் பிறகும் நேரமாகலாம். ஆக்சிஜன் அளவு 97 சதவீதம் என்று காட்டினாலும் நிம்மதியாகிவிட முடியாது. வேகவேகமாக மூச்சு விட்டு அந்த 97-ஐப் பிடித்துவைத்திருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். எண்ணும்போது நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே எண்ணுங்கள். மூச்சைத்தான் எண்ணுகிறோம் என்று தெரிந்தால் யாருக்கும் மூச்சின் வேகம் மாறிவிடும்.

எதிர்ப்பக்க ஆபத்தும் உண்டு. மார்ஃபின் போன்ற வலிமருந்து போட்டவர் குறட்டை விட்டுத் தூங்குகிறார், மூச்சு நிமிடத்துக்கு 8. ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டிருப்பதால் விரலில் மாட்டிய கருவி நல்ல எண்ணையே காட்டும், உள்ளே கரியமிலவாயு ஏறிக்கொண்டிருக்கும். “வலி போய் நன்றாகத் தூங்குகிறார்” என்று விட்டுவிடாமல் எழுப்பிப் பார்க்க வேண்டும். மூச்சு குறைவதற்கு முன்னாலேயே பெரும்பாலும் மயக்கம் அதிகமாகும். அதனால் இந்த மருந்து ஏறிக்கொண்டிருப்பவரிடம் விழிப்புநிலையையும் சேர்த்தே பதிவுசெய்யுங்கள்.

கருவிகளும் ஏமாற்றும். விரல் சில்லிட்டிருந்தாலோ நகப்பூச்சு இருந்தாலோ ஆக்சிஜன் அளவு தவறாகக் காட்டலாம். கறுத்த தோல் உள்ளவர்களுக்கு இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டும் வாய்ப்பு இருக்கிறது. பருமனான கைக்குச் சின்ன பி.பி. பட்டையைச் சுற்றினால் அழுத்தம் அதிகமாக வரும். எண் ஆளோடு பொருந்தவில்லை என்றால் முதலில் ஆளை நம்புங்கள், பிறகு கருவியைச் சரிபாருங்கள்.

ஒரே எண், வேறு வேறு ஆள்

பி.பி. 100/60. ஒல்லியான, ஆரோக்கியமான இளம்பெண்ணுக்கு அது தினசரி அளவாக இருக்கலாம். வழக்கமாக 160 இருக்கும் முதியவருக்கு அதே 100 வந்தால் சிறுநீரகத்துக்கு ரத்தம் போதாமல் போகலாம். ஆக்சிஜன் 90 என்பது பொதுவாகக் குறைவு. ஆனால் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயால் உடலில் கரியமிலவாயு தேங்கும் ஆபத்து உள்ளவருக்கு 88 முதல் 92 வரை வைத்திருப்பதுதான் இலக்கு. அதனால் “இது நார்மலா?” என்பதோடு “இவருக்கு வழக்கமாக எவ்வளவு, போன தடவை எவ்வளவு?” என்றும் கேட்டே ஆக வேண்டும்.

வயதானவர்களிடம் இன்னும் கவனம் வேண்டும். கடுமையான கிருமித்தொற்று இருந்தும் காய்ச்சல் வராமல் போகலாம். ஸ்டீராய்டு சாப்பிடுபவர்களுக்கும் அப்படித்தான். காய்ச்சலுக்குப் பதிலாக, நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று இடம் தெரியாமல் உளறுவார். “வயசாயிடுச்சுல்ல, அப்படித்தான்” என்று கடந்துபோகவே கூடாது. புதிதாக வந்த குழப்பம் ஓர் அவசர அறிகுறி. மகளோ மனைவியோ “நேத்து வரைக்கும் இப்படி இல்லம்மா” என்று சொன்னால் அதையும் சார்ட்டில் எழுதுங்கள். அவருடைய வழக்கமான நிலையை நம்மைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் சொல்வது அது.

டூட்டி ஆரம்பத்தில் ஒவ்வொரு படுக்கைக்கும் ஒரு கேள்வி போட்டுக்கொள்வது நல்ல பழக்கம்: இவருக்கு இன்று என்ன ஆகிவிடக்கூடும் என்று நான் பயப்பட வேண்டும்? தைராய்டு அறுவை முடிந்தவருக்குக் கழுத்துக்குள் ரத்தம் கட்டி மூச்சுக்குழாயை அழுத்தலாம். அதனால் காயத்தின் மேல் போட்ட கட்டை மட்டும் பார்க்காமல் குரலையும் மூச்சுச் சத்தத்தையும் கவனிப்பேன், கழுத்துக்குப் பின்னால் கைவிட்டு ஈரமாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பேன். எலும்பு முறிந்து மாவுக்கட்டுப் போட்டவருக்கு, மருந்து கொடுத்தும் அடங்காத வலி, விரலை லேசாக நீட்டினாலே துடிக்கிற வலி இருந்தால் உள்ளே தசை அழுத்தம் ஏறுகிறது என்று சந்தேகிப்பேன். அங்கே நாடி மறையும்வரை காத்திருந்தால் நேரம் கடந்துவிடும். இதயச் செயலிழப்பு உள்ளவருக்குக் காலை எடையும், ராத்திரி தட்டையாகப் படுக்க முடிந்ததா என்பதும் முக்கியம். இன்சுலின் போட்டுவிட்டுச் சாப்பிடாதவர் வியர்த்துக் கொட்டினால் விரலில் குத்திச் சர்க்கரை பார்த்துவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

ஒரு ராத்திரி டூட்டி

இதெல்லாம் ஒன்றுசேர்வதைப் பார்க்க ஒரு கற்பனை உதாரணம் எடுத்துக்கொள்வோம். 58 வயது ஆண், 60 கிலோ எடை. குடலில் ஒரு பகுதியை நீக்கும் அறுவை அன்று மதியம் முடிந்து வார்டுக்கு வந்திருக்கிறார். ரத்த அழுத்தத்துக்காக மெட்டோபிரலால் சாப்பிடுபவர், அன்று காலையும் சாப்பிட்டிருக்கிறார்.

மாலை 6 மணிக்கு மூச்சு 16, நாடி 78, பி.பி. 128/76, ஆக்சிஜன் 97, அந்த ஒரு மணி நேரத்தில் சிறுநீர் 50 மி.லி. இரவு 8 மணிக்கு மூச்சு 20, நாடி 86, பி.பி. 118/84, ஆக்சிஜன் 96, சிறுநீர் 30. பத்து மணிக்கு மூச்சு 24, நாடி 94, பி.பி. 112/90, ஆக்சிஜன் 95, சிறுநீர் 15. காய்ச்சல் இல்லை, 36.2 டிகிரி. கேட்டதற்குச் சரியாகப் பதில் சொல்கிறார், ஆனால் போர்வையைத் தள்ளுகிறார், எழுந்து உட்காரப் பார்க்கிறார், “என்னவோ மாதிரி இருக்கு சிஸ்டர்” என்கிறார். ட்ரெயின் பையில் ஒன்றும் வரவில்லை. டூட்டி மாற்றும்போது முந்தைய நர்ஸ் சொன்னது: “கொஞ்சம் பயந்த சுபாவம், தொட்டதுக்கெல்லாம் கூப்பிடுவார்.”

பத்து மணி அளவுகளை மட்டும் தனியாகப் பார்த்தால் பெரிதாகப் பதற ஒன்றும் இல்லை. பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2012-இல் வெளியிட்டு 2017-இல் திருத்திய ‘நியூஸ் 2’ என்ற எச்சரிக்கை மதிப்பெண் முறை பல நாடுகளில் பயன்படுகிறது. மூச்சு, ஆக்சிஜன் அளவு, ஆக்சிஜன் கொடுக்கப்படுகிறதா என்பது, மேல் பி.பி., நாடி, நினைவு, வெப்பநிலை இவை ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டுவார்கள். இவருக்குப் போட்டுப் பார்ப்போம். மூச்சு 24-க்கு 2, ஆக்சிஜன் 95-க்கு 1, நாடி 94-க்கு 1, மற்றவை பூஜ்யம். மொத்தம் 4. கூட்டுத்தொகை 5 ஆனாலோ, ஏதாவது ஒன்றுக்கு மட்டுமே 3 வந்தாலோதான் அவசரமாக மருத்துவர் பார்க்க வேண்டிய கட்டம். 4 என்றால் குறைந்த ஆபத்து, நர்ஸ் மதிப்பிட்டு முடிவெடுக்க வேண்டும்.

இனி மூன்று வரிசைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். மூச்சு ஒவ்வொரு முறையும் நான்கு நான்காக ஏறுகிறது. பி.பி.யில் மேல் எண் இறங்க, கீழ் எண் ஏறுகிறது. இரண்டுக்கும் உள்ள இடைவெளி 52-இலிருந்து 34 ஆகி, 22-க்கு வந்துவிட்டது. ரத்தம் குறையும்போது உடல் ரத்தக்குழாய்களை இறுக்கி அழுத்தத்தைக் காப்பாற்றப் பார்க்கும், அப்போது இடைவெளி இப்படித்தான் சுருங்கும். சிறுநீர் மணிக்கு ஒரு கிலோ எடைக்கு அரை மி.லி.யாவது வர வேண்டும். இவருக்கு அது 30. வந்திருப்பது அதில் பாதி. நாடி 94 தான் என்றால், அதை ஏறவிடாமல் மெட்டோபிரலால் பிடித்துவைத்திருக்கிறது. அந்த மாத்திரை இல்லையென்றால் அது 120-ஐத் தாண்டியிருக்கலாம். சிறுநீரையும், பி.பி. இடைவெளியையும், மாத்திரையையும் மதிப்பெண் அட்டை கணக்கில் எடுப்பதில்லை. அட்டையின் குறை என்று சொல்லமாட்டேன், அட்டைக்குப் பக்கத்தில் ஒரு நர்ஸ் நிற்பார் என்று நம்பித்தான் அதை வடிவமைத்திருக்கிறார்கள்.

நிலைகொள்ளாமல் இருப்பதற்கு வேறு காரணங்களும் இருக்கலாம், அவற்றையும் பார்த்துத்தான் ஆக வேண்டும். வலியா? கேட்டால் 10-க்கு 3 என்கிறார், வலியில் பொதுவாகப் பி.பி. ஏறும், இங்கே மேல் எண் இறங்குகிறது. கதீட்டர் அடைத்துச் சிறுநீர் தேங்கிவிட்டதா? குழாய் மடங்கவில்லை, அடிவயிறு புடைக்கவில்லை, சிறுநீர்ப்பை ஸ்கேனர் இருந்தால் அதை வைத்தும் உறுதிசெய்யலாம். நுரையீரலில் உறைகட்டியா? மார்பு வலி இல்லை, ஆனால் முழுவதுமாகத் தள்ளிவிடவும் முடியாது. கையைத் தொட்டால் சில்லென்று இருக்கிறது, நகத்தின் நிறம் திரும்ப நான்கு விநாடி ஆகிறது, வயிறு மாலையில் இருந்ததைவிட விறைப்பாக இருக்கிறது. ட்ரெயினில் ஒன்றும் வராததால் ரத்தம் கசியவில்லை என்று ஆகிவிடாது, கட்டிப்போய்க் குழாயை அடைத்திருக்கலாம். உள்ளே ரத்தம் கசிகிறது என்பதுதான் முதல் சந்தேகமாக நிற்கிறது. பெரியவர் உடலில் கிலோவுக்குச் சுமார் 70 மி.லி. ரத்தம் உண்டு. இவருக்கு நாலேகால் லிட்டர் அளவு. அதில் 30 சதவீதம், அதாவது ஒன்றேகால் லிட்டர் வரை போன பிறகுதான் பலருக்கு மேல் பி.பி. தெளிவாக விழ ஆரம்பிக்கும். அது விழட்டும் என்று காத்திருப்பதில் அர்த்தமே இல்லை.

“பயந்த சுபாவம்” என்ற பேச்சைத் திரும்பப் பாருங்கள். அதைக் காதில் வாங்கிக்கொண்டு போனவர், தூக்கத்துக்கு ஒரு மாத்திரை எழுதி வாங்கலாமா என்று யோசித்திருக்கக்கூடும். ஒருவர் ஒட்டிய முத்திரை அடுத்தடுத்த டூட்டிக்கும் கைமாறி, எல்லாரும் அதன் வழியாகவே நோயாளியைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். டூட்டி ஒப்படைப்பில் சொன்னதைக் கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் உங்கள் கண்ணால் ஒருமுறை புதிதாகப் பாருங்கள். நிலைகொள்ளாத நோயாளிக்கு மயக்க மருந்தைப் பற்றி யோசிக்கும் முன், ஆக்சிஜனும் ரத்தமும் சர்க்கரையும் மூளைக்குச் சரியாகப் போகின்றனவா என்று கேட்டே ஆக வேண்டும்.

இங்கே நர்ஸ் செய்ததைத்தான் அமெரிக்க நர்சிங் பேராசிரியர் கிறிஸ்டின் டானர் 2006-இல் நான்கு கட்டங்களாக வகுத்துச் சொன்னார். கவனித்தல், பொருள் புரிந்துகொள்ளுதல், செயல்படுதல், நடந்ததைத் திரும்ப எண்ணிப்பார்த்தல். பாடமாகப் படிக்கும்போது வரிசையாக இருக்கும். படுக்கையருகில் முன்னும் பின்னுமாகத்தான் நடக்கும்: ஒரு சந்தேகம் வந்ததும் அதைச் சோதிக்கத் திரும்பவும் கவனிப்போம், கிடைத்ததை வைத்துச் சந்தேகத்தை மாற்றிக்கொள்வோம். புதிதாக வந்தவர் விதிகளைப் பிடித்துக்கொண்டு நடப்பார், அனுபவசாலி மொத்தத்தையும் ஒரே பார்வையில் பார்ப்பார் என்று நர்சிங் அறிஞர் பட்ரீஷியா பென்னர் 1980-களில் விளக்கினார். அனுபவமுள்ள நர்சுக்கு “ஏதோ சரியில்லை” என்று தோன்றுவதும் கணக்கில் சேரும். அவசரக் குழுவை அழைப்பதற்கான காரணங்களில் ‘நர்சுக்குக் கவலை’ என்பதையும் பல மருத்துவமனைகள் சேர்த்திருக்கின்றன. புதியவருக்கும் அப்படித் தோன்றலாம். அப்போது பக்கத்தில் இருக்கும் சீனியரை “அக்கா, ஒரு நிமிஷம் வந்து பாருங்க” என்று கூப்பிடுவதில் எந்தக் கூச்சமும் வேண்டாம்.

போனில் என்ன சொல்வது

தீர்மானம் மனதுக்குள் இருந்தால் நோயாளிக்குப் பயனில்லை. “டாக்டர், பேஷண்ட் கொஞ்சம் ரெஸ்ட்லெஸ்ஸா இருக்கார், பி.பி. 112/90” என்று சொன்னால், மறுமுனையில் இருப்பவர் “சரி, பார்த்துக்கோங்க” என்று வைத்துவிட இடம் இருக்கிறது. நிலைமை, பின்னணி, மதிப்பீடு, வேண்டுகோள் என்ற நான்கு படியில் சொல்லும் முறைக்கு ‘எஸ்பார்’ (SBAR) என்று பெயர். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் இருந்து மருத்துவமனைகளுக்கு வந்த முறை இது. நம் நோயாளிக்கு அதை இப்படிச் சொல்லலாம்:

“டாக்டர், சர்ஜிக்கல் வார்டில் இருந்து டூட்டி நர்ஸ் பேசறேன். இன்னைக்கு மதியம் குடல் ஆபரேஷன் ஆன 58 வயசுக்காரர் நிலைமை மோசமாகிட்டு வருது. மெட்டோபிரலால் சாப்பிடறவர். ஆறு மணியிலிருந்து மூச்சு 16-லிருந்து 24 ஆயிருக்கு. பி.பி. 128/76-லிருந்து 112/90. யூரின் ஒரு மணி நேரத்துல 15 மி.லி. தான். கை கால் சில்லுனு இருக்கு, வயிறு விறைப்பா இருக்கு, ட்ரெயின்ல ஒண்ணும் வரலை. உள்ளே ப்ளீடிங்னு சந்தேகப்படறேன். நீங்க உடனே வந்து பார்க்கணும். வர்றதுக்குள்ள ஹீமோகுளோபினுக்கும் கிராஸ் மேட்சுக்கும் ரத்தம் எடுத்துடட்டுமா?”

(கிராஸ் மேட்ச் என்பது, ஏற்றப்போகும் ரத்தம் இவருக்குப் பொருந்துமா என்று பார்க்கும் சோதனை.) இதைச் சொல்ல அரை நிமிடத்துக்குமேல் ஆகாது. மாற்றம் எந்தப் பக்கம் போகிறது என்பது இதில் இருக்கிறது, சந்தேகம் பெயரோடு இருக்கிறது, என்ன வேண்டும் என்பதும் தெளிவாக இருக்கிறது. நோயைக் கண்டுபிடித்து உறுதிசெய்வது மருத்துவர் பொறுப்புதான், ஆனால் எதைக் கண்டு கவலைப்படுகிறோம் என்று சொல்வது நர்சின் கடமை. அழைப்பதற்கு முன்பும் சும்மா நிற்கத் தேவையில்லை. ட்ரிப் ஊசி வேலை செய்கிறதா என்று பார்க்கலாம், வாய்வழி எதுவும் கொடுக்காமல் நிறுத்திவைக்கலாம், போர்வை போர்த்தலாம், மருத்துவமனையின் விதிமுறை அனுமதிப்பதைச் செய்யலாம். முடிந்தவரை ஒருவர் நோயாளியின் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

மருத்துவர் வந்து திரவம் ஏற்றச் சொன்னால், ஏற்றியபின் மறுபடி அளவு எடுப்பதும் மதிப்பீடுதான். மூச்சு இறங்கியதா, இடைவெளி விரிந்ததா, அடுத்த மணி நேரத்தில் சிறுநீர் கூடியதா என்று பாருங்கள். கொஞ்சம் சரியாகி மறுபடி சரிந்தால், கசிவு நிற்கவில்லை என்று அர்த்தம், உடனே திரும்பச் சொல்ல வேண்டும். சார்ட்டில் “நோயாளி அமைதியின்றி இருந்தார், டாக்டருக்குத் தெரிவிக்கப்பட்டது” என்று எழுதினால் அடுத்து வருபவருக்கு ஒன்றும் புரியாது. எத்தனை மணிக்கு என்ன பார்த்தீர்கள், யாரிடம் என்ன சொன்னீர்கள், என்ன பதில் வந்தது, அதற்குப் பிறகு என்ன அளவு என்று எழுதுங்கள்.

“கவனிச்சுக்கிட்டே இருங்க” என்று மட்டும் பதில் வந்தால்? எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும், எந்த அளவுக்குப் போனால் மறுபடி கூப்பிட வேண்டும் என்று அப்போதே கேட்டு வாங்கி எழுதிக்கொள்ளுங்கள். அந்த நேரம் வரும்வரை உங்கள் கவலை குறையவில்லை என்றால் வார்டு இன்சார்ஜிடம் சொல்லுங்கள், அடுத்த நிலை மருத்துவரைக் கூப்பிடுங்கள், அவசரக் குழு இருந்தால் அவர்களை வரச்சொல்லுங்கள். ஒருமுறை சொல்லிவிட்டேன் என்று அங்கேயே நின்றுவிடக் கூடாது.